காபி கேட்குற இத்தாலியன் ஓகே... வாதாடுற இத்தாலியன்? உலகப் பிரச்சினைகளை விவாதித்தே மொழியில் அடுத்த லெவலுக்குப் போவது எப்படி?

ரோமில் ஒரு கடைக்குப் போய் காபி கேட்கத் தெரியும். ரயில் எத்தனை நிமிஷம் லேட் என்று விசாரிக்கத் தெரியும். ஹீட்டர் வேலை செய்யலை என்று வீட்டு ஓனரிடம் சொல்லத் தெரியும். ஆனால் பக்கத்து டேபிளில் நாலு பேர் அணுமின் நிலையம் வேணுமா, வேண்டாமா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால்?

'ஸோனோ தக்கோர்தோ.' எனக்கும் சம்மதம். இத்தாலியன் கற்ற பலருக்கும் அந்த இடத்தில் வாயில் வருவது இதுதான். நாலு பேரில் யாரோடு சம்மதம் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்காது.

மொழி கற்பவர்கள் மாட்டிக்கொள்ளும் மேடு இது. அடிப்படை எல்லாம் தெரியும், அன்றாட வாழ்க்கை ஓடிவிடும், ஆனால் ஒரு வருஷம் ஆனாலும் அதே இடத்தில் நிற்போம். இதைத் தாண்ட இத்தாலியன் சொல்லித்தரும் பலர் கையில் எடுக்கும் வழிதான் விவாதம். இத்தாலிய மொழியில் 'திபாத்திதோ'. குடியுரிமை, பருவநிலை, சுற்றுலா, செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது ஒரு உலகப் பிரச்சினையை எடுத்து, ஒரு பக்கம் நின்று பேசுவது. நம்ம ஊர் பட்டிமன்றம் மாதிரியா என்றால், கிட்டத்தட்ட ஆமாம். நகைச்சுவையும் நடுவர் தீர்ப்பும் மட்டும் கட்டாயம் இல்லை.

எந்த லெவலில் விவாதம் தேவைப்படுகிறது?

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள் உண்டு. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் இது. இதில் பி1 என்றால் பயணம், வேலை, வீடு என்று பழகிய விஷயங்களைச் சமாளிக்கலாம். பி2-க்கு வந்ததும் கதை மாறுகிறது. ஒரு நடப்புப் பிரச்சினையில் தன் கருத்தைச் சொல்லி, சாதகம் பாதகம் இரண்டையும் விளக்கத் தெரிய வேண்டும் என்று அந்த அளவுகோலே சொல்கிறது. சி1-ல் அதையே தடுமாறாமல், இடத்துக்கு ஏற்ற மொழியில் செய்ய வேண்டும். ஆக, விவாதம் என்பது வாத்தியார்கள் சுவாரசியத்துக்காகச் சேர்த்த விளையாட்டு கிடையாது. பி2 என்பதன் அர்த்தமே அதுதான்.

தேர்வுகளும் அப்படித்தான். சியனாவின் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் 'சில்ஸ்', பெருஜாவின் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் 'செலி', தாந்தே அலிகியேரி சங்கம் நடத்தும் 'பிளிதா' ஆகியவை இத்தாலிய மொழிக்கான முக்கியமான சான்றிதழ்கள். மேல் படிகளில் வாய்மொழித் தேர்வு உங்களைப் பேச வைத்துப் பார்க்கும். அங்கே 'எனக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது' என்பது போதாது. ஏன் என்று கேட்பார்கள். இத்தாலிய மொழியில் நடக்கும் டிகிரி படிப்புகளுக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள் என்பதால், மேல்படிப்புக்கு அங்கே போக நினைப்பவர்களுக்கு இது நேரடியாகவே முக்கியம்.

பி1-ல் குடியுரிமை, சி1-ல் விவாதம்

இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இத்தாலியில் 1992-ல் வந்த சட்டப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் பொதுவாக 10 ஆண்டுகள் சட்டப்படி வசித்தால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். 2018 டிசம்பர் முதல் பி1 அளவு இத்தாலியனும் கட்டாயம். அங்கேயே பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளைகள் இடைவெளி இல்லாமல் 18 வயது வரை அங்கே வாழ்ந்து, அதன்பிறகு ஒரு வருஷத்துக்குள் கேட்டுப் பெறலாம். அதற்கு முன்பே பெற்றோருக்குக் குடியுரிமை கிடைத்தால் மட்டும் விதிவிலக்கு. சிசிலித் தீவின் பலேர்மோவில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

இந்த 10 ஆண்டை 5 ஆகக் குறைக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேல் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டால்தான் செல்லும். வந்ததோ சுமார் 30 சதவீதம். வந்தவர்களில் பெரும்பான்மை 'வேண்டும்' என்று சொல்லியும் பலனில்லை.

இப்போது கவனியுங்கள். அந்த வாக்கெடுப்புக்கு முன் வானொலியிலும் டிவியிலும் நடந்த விவாதம் எல்லாம் சி1 இத்தாலியனில் நடந்தது. யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களிடம் சட்டம் கேட்பது பி1. பி1 இத்தாலியனை வைத்துக்கொண்டு படிவம் நிரப்பலாம், வேலை பார்க்கலாம், ஆனால் தன்னைப் பற்றி நடக்கும் வாதத்தில் புகுந்து "நீங்க சொல்றது தப்புங்க" என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுப் பெண்கள் இத்தாலியில் ஏராளம். அந்த வீட்டு டிவியில் 'குடியேறிகள்' பற்றி விவாதம் ஓடும்போது அவர்களும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மேல்நிலை இத்தாலியன் என்பது அவர்களுக்கு சிவியில் போட்டுக்கொள்ளும் அலங்காரம் கிடையாது.

ஒரு வார்த்தையிலேயே பாதி வாதம்

விவாதம் வழியாகப் படிப்பதில் கிடைக்கும் பெரிய லாபம், சொற்களின் கட்சியைத் தெரிந்துகொள்வது. அகராதி அர்த்தம் சொல்லும். அந்தச் சொல்லை யார் பேசுவார்கள் என்று பெரும்பாலும் சொல்லாது.

நல்ல உதாரணம், ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சி. 2023 நவம்பரில் இத்தாலி இதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே முதல் நாடு. மீறினால் 10,000 முதல் 60,000 யூரோ வரை அபராதம். இதை எதிர்ப்பவர்கள், குறிப்பாக கொல்திரெத்தி என்ற பெரிய விவசாயிகள் சங்கம், 'கார்னே ஸிந்தேதிகா' என்பார்கள். செயற்கை இறைச்சி. ஆதரிப்பவர்களும் விஞ்ஞானிகளும் 'கார்னே கொல்திவாதா' என்பார்கள். வளர்க்கப்பட்ட இறைச்சி. பொருள் ஒன்றுதான். ஆனால் முதல் சொல்லை வாயில் போட்ட உடனேயே பாதி வாதம் முடிந்துவிட்டது. ஆதரித்துப் பேச வந்தவர் தெரியாமல் 'ஸிந்தேதிகா' என்று தொடங்கினால், இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எதிரணிக்கு கோல் அடித்த மாதிரி.

குடியேற்ற விவகாரத்திலும் இதே கதை. 'மிக்ரான்தே' என்றால் இடம்பெயர்பவர். 'க்ளாந்தெஸ்தீனோ' என்றால் திருட்டுத்தனமாக நுழைந்தவர் என்ற தொனி. இந்த மாதிரிச் சொற்களில் கவனம் வேண்டும் என்றுதான் இத்தாலியப் பத்திரிகையாளர்கள் 2008-ல் 'கார்த்தா தி ரோமா' என்ற நடத்தை விதியையே உருவாக்கினார்கள். செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து 'அகதி'யா 'வந்தேறி'யா என்று ஒரு தலைப்புக்காக மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது.

'ஸியா'வா 'எ'வா? பயமுறுத்தும் அந்த இலக்கணம்

இத்தாலியன் கற்பவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் புலம்புவது 'கொன்ஜுந்தீவோ' பற்றித்தான். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்ல ஒரு வினை வடிவம், நினைப்பது, சந்தேகிப்பது, ஆசைப்படுவது ஆகியவற்றுக்கு இன்னொரு வினை வடிவம். இந்த இரண்டாவதுதான் கொன்ஜுந்தீவோ.

'ஸோ கே எ ஜுஸ்தோ' என்றால் 'இது சரி என்று எனக்குத் தெரியும்'. 'பென்ஸோ கே ஸியா ஜுஸ்தோ' என்றால் 'இது சரி என்று நினைக்கிறேன்'. தெரியும் என்றதும் 'எ', நினைக்கிறேன் என்றதும் 'ஸியா'. பாடப்புத்தகத்தில் இதற்கு நூறு பயிற்சி இருக்கும். எல்லாவற்றையும் சரியாக நிரப்பிவிட்டு, பேசும்போது மறந்துவிடுவோம். ஏனென்றால் காபி வாங்கும்போது யாரும் 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்குவதில்லை. விவாதத்தில் அது இல்லாமல் ஒரு வாக்கியம்கூட நகராது. பத்து நிமிஷம் அணுசக்தி பற்றிப் பேசினால் கொன்ஜுந்தீவோ தானாக இருபது தடவையாவது தேவைப்படும். பயிற்சிப் புத்தகத்தால் உருவாக்க முடியாத அவசரம் அது.

அணுசக்தி என்றதும் இன்னொன்று. இத்தாலி மக்கள் இதை இரண்டு முறை வாக்கெடுப்பில் நிராகரித்தவர்கள். செர்னோபில் விபத்துக்கு அடுத்த வருஷம், 1987-ல் ஒரு முறை. ஃபுகுஷிமா நடந்த சில மாதங்களிலேயே, 2011 ஜூனில் இன்னொரு முறை. இருந்த அணு உலைகள் 1990-க்குள் நின்றுபோயின. இப்போது இத்தாலி வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிறது. அதில் அணுமின்சாரத்தை நம்பியிருக்கும் பிரான்ஸிலிருந்து வருவதும் உண்டு. ஜோர்ஜா மெலோனி அரசு அணுசக்தியை மறுபடி பேச்சுக்கு எடுத்திருக்கிறது.

'1987-ல் வேறு மாதிரி ஓட்டுப் போட்டிருந்தால் இன்றைக்கு மின்கட்டணம் குறைந்திருக்குமா?' இந்த ஒரே கேள்வியில் இத்தாலிய மொழியின் மிகக் கடினமான வாக்கிய அமைப்பு ஒளிந்திருக்கிறது. 'இருந்தால்' பகுதிக்குக் கொன்ஜுந்தீவோ, 'இருக்கும்' பகுதிக்கு 'கொந்தித்ஸியொனாலே' என்ற மூன்றாவது வடிவம். இரண்டையும் மாற்றிப் போட்டால் அவ்வளவுதான். இத்தாலியர்களே இதில் சறுக்குவார்கள். 1975-ல் வந்த 'ஃபன்தோத்ஸி' படத்தில் வினை வடிவத்தைத் தப்பாகப் போடும் ஒரு டென்னிஸ் காட்சி இருக்கிறது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அரசியல்வாதி யாராவது கொன்ஜுந்தீவோவைக் கோட்டைவிட்டால் மீம் போடுபவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

செய்தி பார்ப்பவர்களுக்கு ஒரு போனஸ் தகவல். இத்தாலியப் பத்திரிகைகள் உறுதியாகாத செய்தியை இதே கொந்தித்ஸியொனாலேயில் எழுதும். 'இல் மினிஸ்த்ரோ அவ்ரெப்பே தெத்தோ' என்று வந்தால் 'அமைச்சர் சொன்னார்' இல்லை, 'அமைச்சர் சொன்னாராம்'. நம்ம 'ஆம்' விகுதி செய்யும் வேலையை அங்கே வினை வடிவம் செய்கிறது. இது தெரியாமல் படித்தால் வதந்தியை உறுதியான செய்தியாக எடுத்துக்கொண்டு விவாதத்தில் போய் அடி வாங்க வேண்டியதுதான்.

ஆங்கிலம் தெரிந்தவர்களே, உஷார்!

நம்மில் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் இத்தாலியனுக்குப் போகிறோம். அதில் ஒரு ஆபத்து. 'அர்கொமேந்தோ' என்றதும் ஆர்க்யுமென்ட் என்று தோன்றும். பெரும்பாலும் அது 'தலைப்பு, பேசுபொருள்'. 'எவென்துவால்மேந்தே' என்றால் கடைசியில் என்று அர்த்தம் இல்லை, 'தேவைப்பட்டால்'. 'ப்ரெதேந்தெரே' என்றால் நடிப்பது இல்லை, விடாப்பிடியாகக் கேட்பது. 'அரசு தேவைப்பட்டால் வரியைக் குறைக்கும்' என்று எதிரணி சொன்னதை 'கடைசியில் குறைத்துவிடும்' என்று புரிந்துகொண்டு மறுத்தால், இல்லாத வாதத்தோடு சண்டை போடுவதாக முடியும்.

குறுக்கே பேசலாமா?

பேசலாம், பேச வேண்டியும் வரும். இத்தாலிய டிவி விவாதங்கள் நம்ம சேனல் விவாதங்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவை இல்லை. (சொந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல முடியாது.) அங்கே காதில் விழும் சொல், 'மீ லாஷி ஃபினீரே', அதாவது 'என்னை முடிக்க விடுங்க'. இதில் 'நீங்க' என்ற மரியாதைக்கு 'லெய்' என்ற சொல்தான் அடிப்படை. நேர் அர்த்தம் 'அவள்'. எதிரில் நிற்கும் ஆணையும் படர்க்கைப் பெண்பால் வடிவில்தான் மரியாதையாக அழைக்க வேண்டும். சூடான வாதத்தில் இதை மறந்து 'நீ' வடிவத்துக்கு இறங்கிவிட்டால், கருத்தை விட்டுவிட்டு மரியாதை பற்றிய சண்டை தொடங்கிவிடும்.

இணைப்புச் சொற்கள்தான் அடுத்த ஆயுதம். 'பென்கே', 'ஆன்கே ஸே' இரண்டுமே 'என்றாலும்' என்ற அர்த்தம் தருபவை. முதலாவதுக்குக் கொன்ஜுந்தீவோ வேண்டும், இரண்டாவதுக்குப் பொதுவாக வேண்டாம். பேச்சில் மாட்டிக்கொண்டால் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஆன்த்ஸி'. 'அது மட்டுமில்லை, இன்னும் சொல்லப்போனால்' என்றும் வரும், 'அப்படியில்லை, நேர்மாறாக' என்றும் வரும். ஒரே சொல்லில் எதிரணியின் வாக்கியத்தைத் திருப்பிவிடலாம்.

எங்கே கேட்பது, எதைப் படிப்பது?

ராய் 1 சேனலில் 1996 முதல் வரும் 'போர்த்தா ஆ போர்த்தா', லா7 சேனலின் 'ஓத்தோ எ மேத்ஸோ' போன்றவை பிரபலமான டாக் ஷோக்கள். ஆனால் கற்பவர்களுக்கு என் சிபாரிசு வானொலிதான். ராய் ரேடியோ 3-ல் 'ப்ரீமா பாஜினா' என்று ஒரு காலை நிகழ்ச்சி. ஒரு பத்திரிகையாளர் அன்றைய நாளிதழ்களைப் படித்துக் காட்டுவார். பிறகு நேயர்கள் போன் போட்டுக் கேள்வி கேட்பார்கள், மறுப்பார்கள், திட்டவும் செய்வார்கள். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவது கற்பவருக்குப் புரியாது. இங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான். சாதாரண மனுஷர் ஒருத்தர் தன் கருத்தை எப்படித் தொடங்குகிறார், எங்கே தயங்குகிறார், எப்படி முடிக்கிறார் என்பதைக் கேட்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

படிப்பதற்கு ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் எடுங்கள். இடதுசாரி 'இல் மனிஃபெஸ்தோ', வலது பக்கம் சாயும் 'இல் ஜொர்னாலே', ஆயர்கள் பேரவை சார்ந்த 'அவ்வெனீரே', வணிக நாளிதழான 'இல் ஸோலே 24 ஓரே'. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் சில குறிப்பிட்ட நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பழைய நகரப் பகுதியில் குடியிருப்பவர்கள் 50,000-க்கும் கீழே போய்விட்டார்கள். இந்த ஒரு செய்தியை இரண்டு இடத்தில் படித்தாலே இரண்டு அணிக்கும் தேவையான சொற்கள் கையில் வந்துவிடும். குழந்தைப் பிறப்பும் அப்படிப்பட்ட தலைப்புதான். 2008-ல் சுமார் 5,77,000 குழந்தைகள் பிறந்த நாட்டில் 2024-ல் சுமார் 3,70,000. பென்ஷன், குடியேற்றம், பெண்களின் வேலை என்று எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

மொழியே தலைப்பாகவும் ஆகலாம். இத்தாலியின் முதல் பெண் பிரதமரான மெலோனி தன் பதவியை ஆண்பாலில் 'இல் பிரெஸிதேந்தே' என்றே குறிப்பிடுகிறார், 'லா' என்று பெண்பாலில் இல்லை. சரியா? 2023-ல் அவர் கட்சி எம்.பி. ஒருவர், அரசு ஆவணங்களில் அந்நிய மொழிச் சொற்கள் கலந்தால் 1 லட்சம் யூரோ வரை அபராதம் என்று மசோதா கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. தனித்தமிழ் பற்றி ஒரு தடவையாவது சண்டை போட்டவர்கள் இந்தத் தலைப்பில் தயாரிப்பே இல்லாமல் அரை மணி நேரம் பேசலாம்.

செய்முறை என்ன?

பெரிய ஏற்பாடு வேண்டாம். கூட ஒருத்தர், ஒரு தலைப்பு, ஒரு போன் போதும். தலைப்புக்கு முந்தின நாளே சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நம்பாத பக்கத்தில் நின்று பேசும்போதுதான் புதிய சொற்களைத் தேட வேண்டி வரும். இத்தாலியப் பள்ளிகளிலும் இப்போது விவாதம் ஒரு கற்பித்தல் முறையாக வந்துவிட்டது. அவர்களும் அதற்கு 'டிபேட்' என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்திருப்பது தனி காமெடி. இரண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் செய்து, கேட்டு, பக்கம் மாறி மறுபடி இரண்டு நிமிஷம். முதல் பதிவைக் கேட்கச் சகிக்காது. பரவாயில்லை, அழித்துவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதுதான் அளவுகோல்.

தனியாக இருப்பவர்கள் ஏஐ செயலியை எதிரணியாக வைத்துக்கொள்ளலாம். 2023 மார்ச் கடைசியில் சாட்ஜிபிடியை ஒரு மாதம் போல நிறுத்தி வைத்த நாடு இத்தாலி என்பதால், அதையே முதல் தலைப்பாக வைத்தாலும் பொருத்தம்தான். ஆனால் ஏஐ சீக்கிரம் உங்களோடு ஒத்துப்போய்விடும். விடாமல் மறுக்கச் சொல்லி முதலிலேயே கட்டளை கொடுங்கள்.

இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. பி1 தாண்டாதவர்களை விவாதத்தில் இறக்கினால் தெரிந்த பத்து வாக்கியத்தையே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சரளமாகப் பேச வந்துவிட்டவர்களுக்கு வேறு பிரச்சினை. ஜெயிக்கும் அவசரத்தில் தவறுகள் பழக்கமாகிவிடும். பேசி முடித்ததும் யாராவது நாலு தவறையாவது குறித்துக் கொடுத்தால்தான் பலன். இடையில் நிறுத்தித் திருத்தினால் பேச்சே வராது.

இன்னொன்றை வகுப்பு நடத்துபவர்கள் யோசிக்க வேண்டும். குடியேற்றம் என்பது சிலருக்குத் தலைப்பு, சிலருக்கு வாழ்க்கை. விசா நீட்டிப்புக்காகக் காத்திருக்கும் ஒருத்தரைச் சீட்டுக் குலுக்கி 'குடியேற்றத்துக்கு எதிராகப் பேசுங்க' என்று நிறுத்துவது பயிற்சி ஆகாது. அவரிடம் வேறு தலைப்பைக் கொடுங்கள், அல்லது பக்கத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1680-ல் இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் பிறந்து இங்கே வந்த பெஸ்கிதான் நமக்கு வீரமாமுனிவர். பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம், செந்தமிழுக்குத் தனி இலக்கணம் என்று இரண்டு எழுதியவர். எந்த இடத்தில் எந்தத் தமிழ் எடுபடும் என்று ஒரு இத்தாலியர் அத்தனை கவனமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். சி1 தேர்வில் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதையேதான். நண்பரிடம் மறுக்கும் இத்தாலியன் வேறு, தேர்வாளரிடம் மறுக்கும் இத்தாலியன் வேறு. நண்பரிடம் 'மா தாய்!', அதாவது 'அட போப்பா!' என்றால் போதும். தேர்வாளரிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.